ஓடாத கோப்பில் ஒரு திருத்தம்

கரிசல் காட்டு ஊர் ஒன்றில், தீப்பெட்டி ஆபீஸ் மூடிய பிறகு சும்மா கிடந்த மாடியில் ஆவுடை டீச்சர் இருந்தார். பாலிடெக்னிக்கில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர். அதை விட்டுவிட்டு வந்து, யாரோ எழுதி யாரோ கைவிட்ட கணினி நிரல்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை எடுத்துக்கொண்டார். வயது நாற்பதுக்குள். அதிகம் பேச மாட்டார். கேள்வி கேட்டால் ஒரு வேலையைச் சொல்வார். பதில் அந்த வேலைக்குள் கிடக்கும். எடுத்துக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் வயதில் மூத்தவர் சுயம்புலிங்கம். ஐம்பத்திரண்டு. தொலைபேசிக் கம்பங்களில் ஏறி இறங்கிய லைன்மேன். முழங்கால் தேய்ந்தது, கம்பங்களுக்கும் மவுசு போனது. ஓய்வை முன்னாலேயே வாங்கிக்கொண்டு, மகள் படித்துப் போட்ட கணினிப் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தார். அதில் ஏதோ பிடித்துப் போயிற்று. பேரன் எடுக்கிற வயதில் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார் என்று அவர் மனைவி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டேதான் போனார்.

அவர் டீச்சர் என்பார். டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார். யாருக்கு யார் குரு என்று புதிதாக வருகிறவன் கொஞ்ச நேரம் முழிப்பான்.

முதல் நாள் டீச்சர் அவருக்கு ஒரு நிரலைத் திறந்து காட்டினார். ரத்தம் கொடுக்கிறவர்களுக்கான நிரல் அது. ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்தியது. ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பெயர், வகை, போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து இன்ன வகை வேண்டும் என்று கேட்டால், அக்கம்பக்கத்தில் யார் யார் என்று பொறுக்கி அவர்கள் போனுக்குச் செய்தி அனுப்பும். இருபது வருஷத்தில் முப்பது பேர் கை வைத்த நிரல். நாலு லட்சம் வரி.

இதை முழுக்கப் படித்துத் தெரிந்துகொள்ள எத்தனை வருஷம் ஆகும் என்று சுயம்புலிங்கம் கேட்டார்.

“லைன்மேனா இருந்தியள்லா. ஊர்ல எந்த வயர் எங்க போகுதுன்னு முழுக்கத் தெரியுமா?”

“அது எவனுக்குத் தெரியும் டீச்சர்? எந்தக் கம்பத்துல ஏறணும்னு தெரியும்.”

டீச்சர் விசைப்பலகையில் ஒரு வரி அடித்தார். கணினி சற்று நேரம் முனகிவிட்டு ஒரு கோப்பை உண்டாக்கியது. நிரலில் உள்ள ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் எந்தக் கோப்பில் எந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று வரிசையாகச் சொல்கிற கோப்பு அது. டேக்ஸ் என்பார்கள். அது இருந்தால் போதும். ஒரு பெயரின் மேல் கர்சரை வைத்து இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால், அந்தப் பெயர் எழுதப்பட்ட இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

“கம்பத்து நம்பர்” என்றார் டீச்சர்.

சுயம்புலிங்கத்துக்கு அது போதுமானதாக இருந்தது. அன்று சாயங்காலம் வரை ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்குத் தாவித் தாவி விளையாடினார். படியிறங்கும்போது, இந்த டேக்ஸ் பொய் சொல்லுமா என்று கேட்டார்.

“பொய் சொல்லாது. எடுத்த அன்னைக்கு எது உண்மையோ அதைச் சொல்லும்.”

அதனால் அந்த மாடியில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் முதலில் வருகிறவர், நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால், டேக்ஸைப் புதிதாக எடுக்க வேண்டும். பழைய கணினி என்பதால் ஒரு டீ குடிக்கிற நேரம் பிடிக்கும். எடுத்து முடித்ததும் சுவரில் தொங்கும் தேதி காலண்டரில் அன்றைய தாளில் ஒரு டிக் போட வேண்டும். இன்னொரு வழக்கமும் உண்டு. எவராவது ஒரு துண்டை ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு மாற்றினால், எழுந்து போவதற்கு முன்னால் அவரே டேக்ஸை எடுத்துவிட வேண்டும். இரண்டும் டீச்சர் வைத்த வழக்கம். மூன்று வருஷம் ஒரு நாள் பிசகாமல் நடந்தது.

ஆடி அமாவாசை ஒரு புதன்கிழமை வந்தது. மாடிக்கு விடுமுறை. எல்லோரும் ஆற்றுக்குப் போனார்கள். டீச்சர் மட்டும், ஆள் நடமாட்டம் இல்லாத நாள் நல்லது என்று, தனியாக வந்து உட்கார்ந்தார். ரத்தம் கொடுக்கிற ஆட்களைப் பொறுக்கும் துண்டு ஒரு பழைய கோப்பின் நடுவில் சிக்கிக் கிடந்தது. அதைப் பிரித்து ஒரு புதுக் கோப்பில் வைத்தார். ஓடுகிற கோப்புகளின் பட்டியலில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்த்தார். பழைய கோப்பை அழிக்க மட்டும் கை வரவில்லை. இரண்டு நாள் கிடக்கட்டும், எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு அழிக்கலாம் என்று விட்டார். டேக்ஸ் எடுக்க விரலை வைத்தபோது கரண்டு போயிற்று. அரை மணி காத்திருந்தார். வரவில்லை. காலையில் எப்படியும் எடுப்பார்கள் என்று படியிறங்கினார்.

வியாழக்கிழமை காலையில் முதலில் வந்தவர் சுயம்புலிங்கம். நேற்று அமாவாசை, ஒருவரும் வரவில்லை, ஒரு வரியும் மாறியிருக்காது, எதற்கு வீணாக இந்தக் கிழட்டுக் கணினியை முக்க வைக்க வேண்டும் என்று நினைத்தார். டிக்கைப் போட்டார். டீ குடிக்கப் போனார்.

ஒருவர் மேல் ஒருவர் வைத்த நம்பிக்கைதான். வேறு ஒன்றுமில்லை.

அன்றைக்கு அவருக்கு வந்த வேலை சின்னது. ஒருமுறை ரத்தம் கொடுத்தவரை மூன்று மாதத்துக்குக் கூப்பிடக் கூடாது என்பது விதி. அதற்காக, கடைசியாகக் கொடுத்த தேதியை நிரல் பார்க்கும். பதிந்துவிட்டு இதுவரை கொடுக்காதவர்களுக்கு அந்தத் தேதி காலியாக இருக்கும். காலி என்றால் என்ன செய்வது என்று எழுதியவன் யோசிக்கவில்லை. நிரல் அவர்களை விட்டுவிட்டுத் தாண்டிப் போனது. ஒருமுறைகூட அழைக்காததால் கொடுக்கவில்லை, கொடுக்காததால் அழைக்கவில்லை. அதைச் சரிசெய்ய வேண்டும். ஒரே ஒரு வரி.

சுயம்புலிங்கம் பெயரின் மேல் கர்சரை வைத்தார். இரண்டு விசையை அழுத்தினார். செவ்வாய்க்கிழமை எடுத்த டேக்ஸ் அவரைப் பழைய கோப்புக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே அந்தத் துண்டு அப்படியே இருந்தது. பெயர் அதுதான், வரிகளும் அதுதான். திருத்தினார். ஓட்டிப் பார்த்தார். பிழை ஒன்றும் வரவில்லை. ஓடாத கோப்பு எங்கிருந்து பிழை சொல்லும்? ஆள் குடியில்லாத வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டு வந்தார். முடிந்தது என்று எழுதினார்.

அன்று மத்தியானம் டீச்சர், வேலை முடிந்ததா என்று கேட்டதும், தான் முடிந்தது என்றதும் சுயம்புலிங்கத்துக்குப் பின்னாளிலும் நன்றாக நினைவிருந்தது. தேங்காய்ச் சாதம் கொண்டுவந்திருந்தார். டீச்சருக்கும் கொஞ்சம் வைத்தார்.

பதினோரு நாள் கழித்து, அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் செல்லக்கனி என்ற பெண்ணுக்குப் பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை. குழந்தைக்கு ஒன்றுமில்லை. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். கையிருப்பில் இருந்த இரண்டு பாட்டிலையும் ஏற்றிவிட்டு, ஆஸ்பத்திரிக்காரர்கள் நிரலில் கேட்டார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்த வகை பதினாலு பேர் பதிந்திருந்தார்கள். பதினாலு பேரும் ஒருமுறைகூட அழைக்கப்படாதவர்கள். நிரல் ஒவ்வொருவரையும் தாண்டிப் போனது. கடைசியில், கேட்டது கேட்டபடி முடிந்துவிட்டதால், திரையில் பச்சை எழுத்தில் ‘14 பேர், அனுப்பப்பட்டது’ என்று காட்டியது.

செல்லக்கனி மறுநாள் வெயில் ஏறுவதற்குள் இறந்துபோனாள்.

இரண்டு வாரம் கழித்து, தர்ம ஸ்தாபனத்திலிருந்து விசாரித்து ஒரு கடிதம் வந்தது. பதினாலு பேர் இருந்தும் ஏன் ஒருவருக்கும் செய்தி போகவில்லை என்று. சுயம்புலிங்கம் நம்பவில்லை. நான்தான் திருத்தினேனே என்று டீச்சரிடம் சொல்லிக்கொண்டே, காட்டுவதற்காகப் பெயரின் மேல் கர்சரை வைத்து அழுத்தினார். இப்போதைய டேக்ஸ் அவரைப் புதுக் கோப்புக்குக் கொண்டுபோயிற்று. அங்கே அவர் எழுதிய வரி இல்லை.

பழைய கோப்பைத் தேடித் திறந்தார். அவர் எழுதிய வரி அங்கே இருந்தது, போட்ட புள்ளிகூட மாறாமல். எழுந்துபோய், கிழிக்காமல் மடக்கி வைத்திருந்த காலண்டர் தாள்களைப் புரட்டினார். வியாழன், டிக். அவர் கையால் போட்டது.

டீச்சர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். அந்த ஒரு வரியைப் புதுக் கோப்பில் எழுதினார். காலித் தேதி உள்ள ஓர் ஆளின் பெயரைக் கொடுத்து ஓட்டினார். செய்தி போயிற்று.

ஸ்தாபனத்தின் மேனேஜர் போன் செய்தார். நடந்தது நடந்துவிட்டது, வெளியாள் யார் வந்து கேட்டாலும் வாயைத் திறக்க வேண்டாம், திறந்தால் வேலையும் இருக்காது, கோர்ட்டுக்கும் போக வேண்டியிருக்கும் என்று தன்மையாகவே சொன்னார். அந்த மாடியில் ஐந்து குடும்பத்துக்குச் சோறு போடுவது அந்த ஒரு வேலைதான்.

மூன்று நாள் கழித்து ஓர் ஆள் படியேறி வந்தான். முப்பது வயதிருக்கும். டிராக்டர் பழுதுபார்க்கிறவன் என்று விரல் நகத்துக் கறுப்பே சொன்னது. சவரம் செய்யாத முகம். செல்லக்கனியின் புருஷன் என்றான். பெயர் வேலாண்டி.

ஸ்தாபனத்தில் அவனை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். அங்கே வெளியில் நின்ற டிரைவர் ஒருவர்தான், கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்றால் தீப்பெட்டி ஆபீஸ் மாடி என்று வழி சொல்லியிருந்தார். டீச்சர் உள்ளறையில் இருந்தார். சுயம்புலிங்கம்தான் வாசலில் அவனை உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார்.

அவன் சண்டைக்கு வரவில்லை. பிள்ளையை அக்காளிடம் விட்டிருப்பதாகச் சொன்னான். பால்மாவு ஒத்துக்கொள்ளவில்லை என்றான். இன்னும் பெயர் வைக்கவில்லை என்றான். பிறகு, வந்த காரியத்தைச் சொன்னான்.

“பதினாலு பேருக்குச் செய்தி போயிருக்குன்னு நர்சம்மா சொன்னாவ. அந்தப் பதினாலு பேரு பேரும் எனக்கு வேணும் அண்ணாச்சி.”

எதற்கு என்று சுயம்புலிங்கம் கேட்டார். கேட்கும்போதே தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

“ஒண்ணுஞ் செய்ய மாட்டேன். அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன். சந்தைக்குப் போறேன், பஸ்ல போறேன். எதுத்தாப்புல வாறவன் அவன்தானான்னு தெரியாம இருக்க முடியல. தெரிஞ்சா தள்ளி நடந்துக்கிடுவேன்.”

பதினாலில் ஒருவன் யார் என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும். அவன் தெருவிலேயே சைக்கிள் கடை வைத்திருக்கிற கருத்தப்பாண்டி. தன் ரத்தம் லேசில் கிடைக்காத ரத்தம் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்கிறவன். பெயர் பதிந்த அட்டையைக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பவன். ஆஸ்பத்திரி வராந்தாவில் வேலாண்டி ராத்திரி முழுக்க அவனைத்தான் எதிர்பார்த்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து நின்றானாம்.

“பதினாறாம் நாளு துட்டி கேக்க வந்தான். வாழைத்தாரும் கையுமா. வீட்டு நடைய மிதிக்காத, போயிருன்னுட்டேன். ஒண்ணும் தெரியாதவன் மாதிரி முழிக்கான் அண்ணாச்சி. என்னா நடிப்புங்கிய.”

சுயம்புலிங்கம் செம்பில் மறுபடி தண்ணீர் ஊற்றி வைத்தார். கொஞ்சம் இரு தம்பி என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நடுவில் ஒரு பலகைத் தட்டிதானே.

சுயம்புலிங்கம் நின்றபடியே பேசினார். மெல்லிய குரலில், கையைப் பிசைந்துகொண்டு. பேர் கொடுக்க முடியாது, அது பாவம். கொடுக்காமல் அனுப்பினால் அவன் ஊர் முழுவதையும் பதினாலு பேராக நினைத்துக்கொண்டு திரிவான். உண்மையைச் சொன்னால் இந்த மாடியே இருக்காது. தன் ஒருவன் தலையோடு போகிற மாதிரி ஒரு வழி இருந்தால் டீச்சர் காட்ட வேண்டும். இந்தத் தப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டினால், அந்த இடத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னார்.

“டேக்ஸ் எடுங்க அண்ணாச்சி.”

“இப்பவா டீச்சர்?”

டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்து அவருக்கு இடம் விட்டார். அவர் உட்கார்ந்தார். எடுத்தார். கணினி முனகி முனகி முடித்தது. பதினோராயிரத்துச் சொச்சம் பெயர்.

“செல்லக்கனின்னு தேடுங்க.”

தேடினார். அப்படி ஒரு பெயர் இல்லை என்று சிவப்பில் வந்தது.

“வேலாண்டி.”

இல்லை.

“கருத்தப்பாண்டி.”

இல்லை.

“சுயம்புலிங்கம்.”

அவர் விரல் தயங்கியது. அடித்தார். இல்லை.

“ஆவுடை.”

அவர் அடிக்கவில்லை. டீச்சரே குனிந்து அடித்தார். இல்லை.

சுயம்புலிங்கம் திரும்பிப் பார்த்தார். “நீங்க எதுக்கு டீச்சர் இதுல?”

“அமாவாசைக்கு வந்து அந்தத் துண்டை மாத்தி வச்சது நான். எந்திரிக்கும்போது டேக்ஸ் எடுக்கலை. பழசை அழிக்கவும் இல்லை.”

அது சுயம்புலிங்கத்துக்குத் தெரியும். காலண்டரைப் புரட்டிய அன்றைக்கே, கோப்பின் தேதியையும் பார்த்துவிட்டார். தெரியாததுபோல இருந்தார். டீச்சர் வாயால் வந்துவிடக் கூடாது என்று மூன்று நாளாகச் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வேலை போயிரும் டீச்சர்.”

“போகும்.”

“அஞ்சு குடும்பம்.”

“ஆமா.”

வெளியே வேலாண்டி இருமுகிற சத்தம் கேட்டது. தண்ணீர்ச் செம்பைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

“டேக்ஸ்ல இல்லாத இடத்துக்கு எப்படிப் போவிய, லைன்மேன் அண்ணாச்சி?”

அந்த மாடியில் எல்லோரும் அவரைக் கேலியாக அப்படிக் கூப்பிடுவதுண்டு. டீச்சர் கூப்பிட்டதில்லை.

“நடந்துதான் போகணும்” என்றார் சுயம்புலிங்கம்.

“வாசல் பத்தடி.”

சுயம்புலிங்கம் எழுந்தார். முழங்கால் முறுக்கியது. பத்தடிதான், ஆனால் கம்பத்தின் உச்சியில் செருப்பில்லாமல் நிற்கிறவன்போல ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தார். டீச்சர் பின்னால் வந்தார்.

சுயம்புலிங்கம் வேலாண்டிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். கணினி வார்த்தை எதுவும் பேசாமல், அவனுக்கு விளங்குகிற மாதிரி சொன்னார். பதினாலு பேருக்கும் செய்தி போகவில்லை. போக வைக்க வேண்டிய வேலை என் கையில் வந்தது. நான் அதை வேறு இடத்தில் செய்துவிட்டு, செய்தாயிற்று என்று எழுதிவிட்டேன். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல், பார்த்ததாக டிக் போட்டேன். இதில் ஆஸ்பத்திரிக்காரர்கள் தப்பில்லை, அவர்களுக்குத் திரை பச்சையாகத்தான் காட்டியது.

“வேற இடத்துல செய்ய வச்சது நான். இடத்தை மாத்திட்டுச் சொல்லாம போனேன்” என்றார் டீச்சர். அவர் நின்றுகொண்டிருந்தார்.

வேலாண்டி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கோபம் வரும் என்று சுயம்புலிங்கம் காத்திருந்தார். கையை ஓங்கினால் முகத்தைத் திருப்பக் கூடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

“அப்ப யாருக்கும் தெரியாதா?”

“தெரியாது தம்பி.”

“கருத்தப்பாண்டிக்கு?”

“ஒருத்தருக்கும் போகலை.”

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். திரை விரிசல் விட்ட போன். எதையோ தேடி எடுத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்களிடம் காட்டவில்லை.

“அவன் நம்பரு எங்கிட்ட இருந்துச்சு” என்றான்.

விரல் திரையின் விரிசலைத் தடவிக்கொண்டிருந்தது.

“வராந்தாவுல வச்சு ரெண்டு மட்டம் போனைக் கையில எடுத்தேன். செய்திதான் போயிருக்கே, வாறதுன்னா வரட்டும், மனுசனா இருந்தா வருவான், பெறகு என்னத்துக்கு அவன்கிட்டப் போயிக் கெஞ்சணும்னு பைக்குள்ள வச்சிட்டேன்.”

போனின் வெளிச்சம் அணைந்தது. அவன் பெருவிரலால் தொட்டான். மறுபடி எரிந்தது.

“கூப்பிட்டிருந்தா வந்திருப்பான்லா?”

சுயம்புலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். இதற்குப் பதில் அவருக்குத் தெரியும். வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு துக்கம் கேட்க வருகிறவன் வந்திருப்பான். சைக்கிளை மிதித்தாவது வந்திருப்பான்.

“பதினாலு பேரும் வரலன்னு இருந்தேன். ஊரே இப்படித்தான், நாம என்ன செய்ய முடியும்னு இருந்தேன். அது ஒரு மாதிரி தாங்கிக்கிட்டு இருந்துச்சு.” அவன் எழுந்து நின்றான். குரல் உயரவில்லை. “இதை ஏன் எங்கிட்டச் சொன்னிய?”

அவன் படியிறங்கிப் போனான். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, கிழவன்போல இறங்கினான். கீழே நின்ற ஆட்டோக்காரர் வருகிறாயா என்று கேட்டதற்கும் அவன் பதில் சொல்லவில்லை. சுயம்புலிங்கம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அவன் தெருமுனை திரும்புகிறவரை பார்த்தார். அவன் திரும்பிப் பார்ப்பான், ஒரு வசவாவது வைவான் என்று இருந்தது. வையவில்லை.

உள்ளே வந்தபோது டீச்சர் ஸ்தாபனத்து மேனேஜருக்குப் போன் செய்து, அந்த ஆளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதைத் தெரிவித்திருந்தார். நாளையிலிருந்து வேலை இல்லை என்று மற்றவர்களிடமும் சொல்லியாகிவிட்டது. அவர்களில் ஒருவன் டிபன் பாத்திரத்தைச் சத்தம் வராமல் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

சுயம்புலிங்கத்துக்கு அப்போதுதான் கோபம் வந்தது. மூன்று வருஷத்தில் முதல்முறையாக, டீச்சர் முன்னால் உட்காராமல், கையைக் கட்டாமல் நின்று கேட்டார். வருகிறபோது அந்த ஆளுக்குப் பொண்டாட்டி மட்டும்தான் போயிருந்தாள். போகிறபோது அவனிடம் ஒன்றுமே இல்லை. ஊரைத் திட்டிக்கொண்டாவது உயிரோடு இருந்திருப்பான். நாம் சொன்னதில் அவனுக்குக் கிடைத்தது என்ன, நமக்குக் கிடைத்தது என்ன, இந்த ஐந்து வீட்டுக்குக் கிடைத்தது என்ன என்று கேட்டார். கேட்கக் கேட்கக் குரல் உடைந்தது.

“நீங்கதான நடக்கச் சொன்னிய. நடந்து போயி நான் என்னத்தைச் செஞ்சிட்டு வந்தேன் டீச்சர்?”

டீச்சர் பழைய கோப்பை அழித்துக்கொண்டிருந்தார். அழித்து முடித்துவிட்டு அவரைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

“பதினாலு பேரை வெறுத்துக்கிட்டு வந்தாரு அண்ணாச்சி. இனிமே மூணு பேரை வெறுத்தாப் போதும்.”

சுயம்புலிங்கம் தன் கையைப் பார்த்தார். டீச்சர் என்று ஒரு விரலை மடக்கினார். நான் என்று இன்னொரு விரலை மடக்கினார்.

விரிசல் விட்ட அந்தப் போன் நினைவுக்கு வந்தது. மூன்றாவது விரலை அவர் மடக்கவில்லை.